உங்கள் ரிசர்வ் சைட் யார் பெயரில் இருக்கிறது? பார்க்கும் முறையும் மீட்கும் முறையும்

கோவை, திருப்பூர், ஈரோடு சுற்றுவட்டாரத்தில் தோட்டங்காட்டைச் சைட் போடும்போது வரைபடத்தின் ஒரு மூலையில் 'பூங்கா' என்று குறித்திருப்பார்கள். அதைத்தான் ரிசர்வ் சைட் என்கிறோம். மனை வாங்குபவர்கள் தங்கள் மனைக்குப் பத்திரம், வில்லங்கம், அப்ரூவல் எல்லாம் பார்ப்பார்கள். இந்தத் துண்டை மட்டும் யாரும் பார்ப்பதில்லை. பல வருடம் கழித்து அங்கே கம்பி வேலி விழுந்த பிறகுதான் தேடல் தொடங்கும். அதற்கு முன்பே பார்த்துவிட்டால் பாதி வேலை மிச்சம்.

முதலில் எவ்வளவு இடம் இருக்க வேண்டும் என்று கணக்குப் போடுங்கள். 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலை போக மீதியில் 10 சதவீதத்தை நிலமாகவே உள்ளாட்சிக்குத் தர வேண்டும். பணம் கட்டித் தப்ப முடியாது. 3,000 முதல் 10,000 வரை நிலமாகவோ, வழிகாட்டி மதிப்புப்படி பணமாகவோ தரலாம். 3,000க்குள் என்றால் எதுவும் இல்லை. 10,000 சதுர மீட்டர் என்பது ஏறத்தாழ 2 ஏக்கர் 47 சென்ட். ஒரே பூமியை அதற்குக் கீழாகத் துண்டு போட்டு, வேறு வேறு பெயரில் அப்ரூவல் வாங்கியிருந்தால் காரணம் இதுதான் என்று சந்தேகப்படலாம்.

5 ஏக்கர் மனைப்பிரிவு என்று வையுங்கள். 500 சென்ட். சாலைக்கு 150 போனால் மீதி 350. ரிசர்வ் சைட் 35 சென்ட், அதாவது 15,246 சதுர அடி. வரைபடத்தில் இதைவிடக் கணிசமாகக் குறைந்தால் ஏன் என்று கேளுங்கள். பழைய மனைப்பிரிவுக்கு அது அப்ரூவல் ஆன காலத்து விதியே பொருந்தும். அங்கீகாரம் இல்லாமல் போட்டு, பின்னர் 2017 விதிகளின்படி வரன்முறைப்படுத்திய மனைப்பிரிவானால் பூங்கா இடமே இல்லாமலும் இருக்கலாம்.

இனி மூன்று ஆவணங்கள். அங்கீகரிக்கப்பட்ட வரைபடம், மனைப்பிரிவு போட்டவர் அந்த இடத்தை உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுத்துப் பதிவான தானப்பத்திரம், உள்ளாட்சி பெயரில் பட்டா. இந்த மூன்றும் ஒரே இடத்தை, ஒரே அளவில் சொன்னால்தான் அந்த இடம் பாதுகாப்பாக இருக்கிறது. இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் இடையே நின்றுபோன இடங்கள்தான் அதிகம் பறிபோகின்றன.

வரைபடம் என்றால் புரோமோட்டர், அதாவது மனைப்பிரிவு போட்டு விற்பவர், கொடுத்த கலர் நோட்டீஸ் அல்ல. நகர் ஊரமைப்பு அலுவலகத்தின் முத்திரையும் அங்கீகார எண்ணும் உள்ள பிரதி வேண்டும். ஜெராக்ஸில் ஸ்கேல் மாறியிருக்கும். ஸ்கேல் வைத்து அளக்காமல், எழுதியிருக்கும் அளவை மட்டும் எடுங்கள். என்ன சொல் போட்டிருக்கிறது என்பதும் முக்கியம். 'பள்ளி', 'கடை' என்று குறித்த இடங்கள் பெரும்பாலும் புரோமோட்டர் கையிலேயே இருக்கும், அந்த உபயோகத்துக்கு விற்கவும் செய்யலாம். 'பூங்கா', 'விளையாட்டுத் திடல்' என்று குறித்ததை விற்க முடியாது. இந்த வேறுபாடு தெரியாமல் கடை சைட்டுக்காக அலைந்து வருடங்களை வீணாக்கும் குடியிருப்போர் சங்கங்கள் உண்டு.

தானப்பத்திரத்துக்குப் பதிவுத்துறை இணையதளத்தில் சர்வே எண் போட்டு வில்லங்கம் பாருங்கள்; பார்க்கக் கட்டணம் இல்லை. ஒன்றும் வரவில்லை என்றால் உடனே 'பத்திரமே இல்லை' என்று முடிவு கட்ட வேண்டாம். உட்பிரிவுக்கு முந்தைய மூல எண்ணில் தேடுங்கள். பழைய பத்திரத்தில் க.ச. என்று இருக்கும் பழைய சர்வே எண்ணும் இப்போதைய டவுன் சர்வே எண்ணும் வேறாக இருக்கலாம். சார்பதிவாளர் அலுவலகம் பிரிந்திருந்தால், பழைய பதிவு தாய் அலுவலகத்தில் கிடக்கும். கணினிக்கு முந்தைய காலத்துக்கு நேரில் மனுப் போட்டுத்தான் ஆக வேண்டும்.

பட்டாவும், நில விவரப் பதிவேடான 'அ' பதிவேடும், புல வரைபடமும் அரசின் இ-சேவை தளத்தில் கிடைக்கும். ரிசர்வ் சைட்டுக்குத் தனி உட்பிரிவு எண் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். விழவில்லை என்றால் பட்டா இன்னும் பழைய பூமிக்காரர் பெயரிலேயே நிற்கும். அவர் காலமானபின் வாரிசுகள் பட்டாவைக் காட்டி, பவர் எழுதிக் கொடுத்து, பவர் ஏஜென்ட் மூலம் கிரயம் போவது இந்த ஓட்டை வழியாகத்தான்.

இதை அடைக்கும் மனு இரண்டு. ஒன்று, மாநகராட்சி அல்லது நகராட்சி ஆணையருக்கு. பேரூராட்சி என்றால் செயல் அலுவலருக்கு. கிராம ஊராட்சி என்றால் தலைவருக்கும் வட்டார வளர்ச்சி அலுவலருக்கும். உட்பிரிவு செய்து பட்டா மாற்ற வட்டாட்சியருக்கு விண்ணப்பிக்க வேண்டியது உள்ளாட்சிதான். குடியிருப்போர் அதைக் கேட்கலாமே தவிர, அவர்கள் பெயரில் விண்ணப்பம் செல்லாது. இரண்டாவது, சார்பதிவாளருக்கு. பதிவுச் சட்டத்தின் 22-அ பிரிவின்படி உள்ளாட்சிக்குச் சொந்தமான நிலத்தை உரிய அனுமதியில்லாமல் பதிய மறுக்க வேண்டும். தானப்பத்திர எண், வருடம், சர்வே எண் மூன்றையும் எழுதி, வரைபட நகல் இணைத்துக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். ஆணையர் கையெழுத்திலும் இதே கடிதம் போனால் பலம் கூடும்.

தானப்பத்திரமே எழுதப்படவில்லை என்றாலும் கைவிட வேண்டியதில்லை. பெங்களூரில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்ததை உச்ச நீதிமன்றம் 1991இல் முத்தப்பா வழக்கில் செல்லாது என்றது. அதன்பின் சேத் ராம் வசிஷ்ட் வழக்கில், பூங்காவைக் காட்டி மனை விற்றவர் அந்த இடத்தை மனைக்காரர்களுக்காக அறங்காவலர்போல வைத்திருக்கிறார், வேறு எதற்கும் பயன்படுத்த முடியாது என்றது. எதிர்த்தரப்பு 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 38ஆவது பிரிவைக் காட்டும்: மூன்று வருடத்தில் கையகப்படுத்தாத ஒதுக்கீடு தானே விடுபடும் என்று. அந்தப் பிரிவு பேசுவது மாஸ்டர் பிளான், டிடி பிளான் எனும் விரிவான வளர்ச்சித் திட்டம் போன்றவற்றில் அரசு குறித்த நிலத்தை. உங்களுடையது புரோமோட்டர் தானே ஒதுக்கி, அதற்காகவே அப்ரூவல் வாங்கிய நிலம். வக்கீலிடம் போகும்போது இந்த வித்தியாசத்தைக் காட்டும் வரைபடம் கையில் இருக்கட்டும்.

ஆவணம் கிடைக்காவிட்டால் தகவல் உரிமை மனு. 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டுங்கள். 'ஆக்கிரமிப்பை ஏன் அகற்றவில்லை' என்று கேட்டால் பதில் வராது; ஏன் என்பது தகவல் அல்ல என்று திருப்பிவிடுவார்கள். இப்படிக் கேளுங்கள்: "இந்த அங்கீகார எண் கொண்ட மனைப்பிரிவின் வரைபட நகல், பூங்கா இடத்தின் தானப்பத்திர நகல், இவ்விடம் பதியப்பட்டுள்ள சொத்துப் பதிவேட்டின் பக்கம், கோப்பை நேரில் பார்வையிட அனுமதி." 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதன்பின் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம்.

'கோப்பு இல்லை' என்ற பதில் இணைப்புப் பகுதிகளில் சகஜம். 2011இல் வடவள்ளி, சரவணம்பட்டி, துடியலூர், குறிச்சியெல்லாம் கோவை மாநகராட்சியில் சேர்ந்தன. ஈரோட்டில் வீரப்பன்சத்திரம், சூரம்பட்டி, காசிபாளையம் சேர்ந்தன. பழைய அலுவலகத்துக் காகிதம் மண்டல அலுவலகத்துக்கு முழுதாக வந்து சேராமல் போயிருக்கலாம். அப்போது நகர் ஊரமைப்பு அலுவலகத்திடமும் சார்பதிவாளரிடமும் தனித்தனியே கேளுங்கள்; மூன்று இடத்திலும் ஒரே நேரத்தில் தொலைவது அபூர்வம்.

அரசியல் பக்கத்தையும் விடக்கூடாது. கவுன்சிலரிடம் வாய்மொழி உறுதி வாங்கி எந்தப் பயனும் இல்லை. நகரத்தில் பகுதி சபையிலோ, கிராமத்தில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களின் கிராம சபையிலோ சர்வே எண்ணோடு தீர்மானம் எழுத வைத்து நகல் வாங்குங்கள். ஆக்கிரமிப்பாளர் எப்போதும் தனியார்தான் என்று எண்ண வேண்டாம். குப்பை பிரிக்கும் கொட்டகை, தண்ணீர்த் தொட்டி என்று உள்ளாட்சியே பூங்காவைத் தின்னும். சங்கக் கட்டடமும் பிள்ளையார் கோயிலும் நல்லெண்ணத்தில் கட்டப்பட்டாலும், 'நீங்களே கட்டியிருக்கிறீர்களே' என்று எதிர்த்தரப்பு நீதிமன்றத்தில் கேட்க இடம் கொடுக்கும். கட்டாதீர்கள்.

வழக்கு என்று வந்தால் கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம் மாவட்டங்களுக்குச் சென்னை உயர் நீதிமன்றம். கரூருக்கு மதுரைக் கிளை. சங்கத்தை 1975ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிந்திருந்தால் மனுதாரராக நிற்க எளிது. ஏழு பேர் போதும்.

பட்டா மாறியதும் சர்வேயரை வைத்து நான்கு மூலையிலும் கல் நடச் சொல்லுங்கள். 30 மீட்டர் டேப்பில் நீங்களும் நான்கு பக்கமும் ஒரு மூலைவிட்டமும் அளந்து எழுதி வையுங்கள். மூலைவிட்டம் இல்லாவிட்டால் கோணம் சாய்ந்தது தெரியாது. கம்பி வேலி, பூட்டு, மாநகராட்சிப் பெயரில் பலகை. பலகையில் 'அத்துமீறாதீர்' என்பதைவிட சர்வே எண், பரப்பு, தானப்பத்திர எண் எழுதுவது பயன் தரும். வாங்க வருபவர் அதைப் படிப்பார். மின் இணைப்பு, போர்வெல் எல்லாம் உள்ளாட்சி பெயரிலேயே இருக்கட்டும். வருடத்துக்கு ஒருமுறை அந்த உட்பிரிவு எண்ணுக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்து, அச்சிட்டுத் தேதி எழுதிச் சங்கக் கோப்பில் சேர்த்துவிடுங்கள்.