தெரிஞ்ச நம்பர்தானுங்களே: போனிலும் வீட்டுக் கம்ப்யூட்டரிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன ஆவணியில், முகூர்த்த நாட்கள் வரிசையாக வந்த சமயம், சிவகிரிப் பக்கம் தோட்டம் வைத்திருக்கும் ஒருவர் ஈரோட்டில் இருக்கும் என் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைக்கு வந்தார். "ஏனுங்க தம்பி, பங்காளி ஊட்டுக் கல்யாணப் பத்திரிகை வாட்ஸாப்புல வந்துச்சுங்க, தொட்டா தொறக்கவே மாட்டீங்குது, அதுல இருந்து போனு அடுப்பாட்டம் சுடுதுங்க" என்று போனை மேசையில் வைத்தார். வாங்கிப் பார்த்தேன். கோப்பின் பெயர் கல்யாண அழைப்பிதழ் என்றுதான் இருந்தது, ஆனால் பெயருக்குக் கடைசியில் புள்ளி வைத்து ஏபிகே (.apk) என்று முடிந்திருந்தது. அதற்குள் மஞ்சள் போட்டு வந்த பணத்தில் நாற்பத்தெட்டாயிரம் அவர் கணக்கிலிருந்து மூன்று தவணையாகப் போயிருந்தது, அது அவருக்கே தெரியாது, ஏனென்றால் பேங்கிலிருந்து வந்த எஸ்எம்எஸ் எல்லாவற்றையும் அந்த ஆப் எடுத்துக்கொண்டு அவர் கண்ணில் படாமல் மறைத்துவிட்டது.

பத்திரிகை என்றால் படமாக வரும், இல்லை பிடிஎஃப் ஆக வரும். ஏபிகே என்று முடிவது படமே இல்லை, ஆண்ட்ராய்டு போனுக்குள் ஏற்றுகிற ஒரு ஆப். அதைத் தொட்டவுடன் போன் சும்மா இருக்காது, "வாட்ஸாப் வழியாக ஆப் நிறுவ அனுமதிக்கவா" என்று கேட்கும், போனில் இருக்கும் கூகுளின் காவல்காரன் பிளே புரொடெக்ட் பல நேரம் சிவப்பாக எச்சரிக்கும், அப்புறம் அந்த ஆப் எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்கும். இவரிடமும் கேட்டிருக்கிறது. எல்லாவற்றுக்கும் சரி என்று அழுத்தியிருக்கிறார். ஏன் அழுத்தினீங்க என்று கேட்டதற்கு அவர் சொன்னதைத்தான் தலைப்பில் வைத்திருக்கிறேன்: "தெரிஞ்ச நம்பர்தானுங்களே." பங்காளி எதையும் அனுப்பவில்லை. அவர் போன் முந்தின நாளே மாட்டியிருந்தது, அதிலிருந்த நம்பர்களுக்கெல்லாம் தானாகப் போயிருக்கிறது.

என் கடைக்கு வரும் பிரச்சினைகளில் பெரும்பாலானவை இப்படித்தான் தொடங்குகின்றன. நம் பக்கம் மண்டியிலும் நூல் கடையிலும் லட்சக்கணக்கில் வாய்ச்சொல்லை நம்பிக் கொடுத்து வாங்குகிறோம், அது நல்ல பழக்கம்தான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அங்கே நாம் நம்புவது எதிரில் நிற்கும் ஆளை. போனில் ஆள் இல்லை, நம்பரும் டிபியில் ஒரு முகமும்தான் இருக்கிறது, அந்த இரண்டையும் அடுத்தவன் கைப்பற்ற முடியும். ஆர்டிஓ அபராதம், பிஎம் கிசான் பட்டியல், கரண்ட் பில் என்று பெயர் மாறி மாறி வரும், கடைசியில் ஏபிகே என்று இருக்கிறதா என்பதை மட்டும் பாருங்கள். இருந்தால் அனுப்பியவரைக் கூப்பிட்டு, "நீங்க அனுப்புனதுங்களா" என்று வாயால் கேளுங்கள். அவருக்கும் அது உதவி, தன் போன் மாட்டியிருப்பது பல பேருக்கு அப்படித்தான் தெரிய வருகிறது.

வாட்ஸாப்பையே பிடுங்கிக்கொள்வது இன்னொரு வகை. "மாமா, என்னோட கோடு ஒன்னு தவறிப்போய் உங்க நம்பருக்கு வந்துருச்சு, ஆறு நம்பர், கொஞ்சம் அனுப்புங்க" என்று மச்சான் நம்பரிலிருந்தே கேட்கும். அந்த ஆறு நம்பர் உங்கள் வாட்ஸாப்பை வேறு போனில் திறக்கிற சாவி. யாருக்கும் கொடுக்காதீர்கள், சொந்தப் பிள்ளை கேட்டாலும் முதலில் குரலைக் கேளுங்கள். இதற்கு ஒரு பூட்டு இருக்கிறது, வாட்ஸாப் அமைப்புகளில் அக்கவுன்ட் என்பதற்குள் டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன். நீங்களே ஒரு ஆறு இலக்க பின் வைத்துக்கொள்ளலாம், கோடு போய்விட்டால்கூட அந்த பின் தெரியாமல் உடனே உள்ளே வர முடியாது. வண்டி நம்பரையும் பிறந்த வருடத்தையும் பின்னாக வைக்காமல் இருந்தால் போதும். அப்படியே லிங்க்டு டிவைசஸ் என்ற இடத்தையும் திறந்து பாருங்கள், நீங்கள் எப்போதோ ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுக்க வாட்ஸாப் வெப் திறந்தது இன்னும் அங்கேயே திறந்து கிடக்கலாம். என் அனுபவத்தில் பத்துப் பேரைப் பார்த்தால் இரண்டு மூன்று பேருக்கு அப்படிக் கிடக்கிறது.

கொரியர்காரன் என்று சொல்லி, நட்சத்திரத்தில் தொடங்கும் ஒரு நம்பரை அடிக்கச் சொன்னால் அடிக்காதீர்கள், உங்களுக்கு வரும் அழைப்புகளை அவன் போனுக்குத் திருப்பிவிடும் தந்திரம் அது. ஓடிபியை அழைப்பிலேயே சொல்லும் வசதி இருப்பதால் அதையும் அவன் கேட்டுக்கொள்வான். அடித்துத் தொலைத்துவிட்டீர்கள் என்றால் ##002# என்று அடித்து அழைப்பு பட்டனை அழுத்துங்கள், திருப்பிவிட்டது எல்லாம் ரத்தாகும்.

பணம் வாங்குவதற்கு யூபிஐ பின் தேவையே இல்லை. இது தெரிந்தும் ஏமாறுகிறார்கள், அதுதான் எனக்கு வருத்தம். பழைய வண்டியையோ பவர் டேபிள் தையல் மிஷினையோ விற்க ஆன்லைனில் படம் போட்டவுடன், விலையே பேசாமல் "அட்வான்ஸ் அனுப்புறேன், இந்த கியூஆரை ஸ்கேன் பண்ணுங்க" என்று ஒருவன் வருவான். ஸ்கேன் செய்து பின் போட்டால் பணம் போகும், வராது.

அடுத்தது தோட்டத்து வீட்டில் குடியிருப்பவர்களுக்கு மிக முக்கியம் என்று நான் நினைப்பது. பக்கத்து வீடு கூப்பிடு தூரத்தில் இல்லாமல் தனித்து இருக்கும் வீடுகள் நம் பக்கம் எத்தனையோ. தைப்பூசத்துக்குக் குடும்பத்தோடு பழனிக்கு நடக்கிறோம், வழியெல்லாம் ஸ்டேட்டஸ் போடுகிறோம், ஃபேஸ்புக்கில் ஊர் பெயரோடு எல்லோரும் பார்க்கும்படி படம் ஏற்றுகிறோம். வீடு பூட்டிக் கிடக்கிறது, திரும்ப இத்தனை நாள் ஆகும் என்று அதில் எல்லாமே இருக்கிறது. படம் போடவே வேண்டாம் என்று சொல்லவில்லை, வீட்டுக்கு வந்த பிறகு போடுங்கள். சீர், நகை தெரிகிற படங்களை நண்பர்கள் மட்டும் பார்க்கும்படி வையுங்கள். ஃபேஸ்புக்கில் போன் நம்பரும் பிறந்த தேதியும் பொதுவில் இருந்தால் எடுத்துவிடுங்கள். நண்பர் பட்டியலை மறைத்து வைப்பது ரொம்ப நல்லது, ஏனென்றால் உங்கள் பெயரிலும் படத்திலும் போலிக் கணக்கு தொடங்குகிறவன் அடுத்து அந்தப் பட்டியலில் இருப்பவர்களிடம்தான் பணம் கேட்கப் போகிறான்.

லாபம் எடுத்துத் தருகிறோம் என்று ஆள் சேர்க்கும் பங்குச் சந்தை குரூப்புகளைப் பற்றி நான் நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. மாதாமாதம் பணம் தருகிறோம் என்ற கம்பெனிகளை நம்பிப் பணம் கட்டி, பெருந்துறையைச் சுற்றி ஈமு கோழிக் கொட்டகை போட்டவர்கள் 2012இல் ஏமாந்து என்ன பட்டார்கள் என்று நமக்குத் தெரியும். அன்றைக்கு மாதாமாதம் பணம் வந்ததைப் பார்த்து உறவுக்காரர்களையும் சேர்த்துவிட்டார்கள், இன்றைக்கு ஆப்பில் லாபம் ஏறுவதைப் பார்த்துச் சேர்க்கிறார்கள். அந்த ஆப்பில் தெரியும் எண் குரூப் நடத்துகிறவர்களே எழுதுவது. முதலில் இரண்டாயிரம் மூவாயிரம் எடுக்க விடுவார்கள், பெரிய தொகை போட்ட பிறகு, எடுக்க வேண்டுமென்றால் வரி கட்டு என்பார்கள். குரூப்பில் "இன்னைக்கு நாப்பதாயிரம் லாபம்" என்று போடுகிற அத்தனை பேரும் அவர்கள் ஆட்களாக இருப்பார்கள்.

இனி கம்ப்யூட்டர். இங்கேயும் அதே கதைதான், தெரிந்த நம்பருக்குப் பதில் தெரிந்த பையன்.

திருப்பூர் பெருமாநல்லூர் ரோட்டில் லேபிள் பிரிண்டிங் வைத்திருக்கும் ஒரு அண்ணன் தன் வீட்டுக் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார். டிசைன் போடுகிற சாஃப்ட்வேரைத் தெரிந்த பையன் ஒருவன் கிராக் செய்து, அதாவது காசு கட்டாமல் ஓடும்படி பூட்டை உடைத்து, போட்டுக் கொடுத்திருக்கிறான், காசு மிச்சம். அந்த மாதிரி கிராக்கில் முதல் வரியே "ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணிவிட்டு நிறுவவும்" என்றுதான் இருக்கும். நாயைக் கட்டிப்போட்டுவிட்டுக் கதவைத் திறந்து வைப்பது மாதிரி. கொஞ்ச நாள் நன்றாக ஓடியது. ஒரு நாள் காலையில் திறந்தால் டெஸ்க்டாப்பில் இருந்த எல்லா ஐகானும் வெள்ளையாக இருந்தது, கோப்புகளின் பெயருக்குப் பின்னால் அர்த்தமில்லாத எழுத்துகள், நடுவில் ஒரு நோட்பேட் கோப்பு, அதில் பிட்காயினில் இவ்வளவு கட்டினால் சாவி தருவோம் என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது. "பேக்கப் இருக்குதுங்களாண்ணா" என்றேன். இருக்குது என்று எக்ஸ்டெர்னல் ஹார்ட் டிஸ்கை எடுத்து வைத்தார். அதையும் மாட்டிப் பார்த்தேன், அதிலும் அதே வெள்ளை ஐகான்கள். இரவும் பகலும் கம்ப்யூட்டரிலேயே சொருகி வைத்திருந்ததால் அதையும் பூட்டிவிட்டது. மூன்று வருட டிசைன், டாலி கணக்கு எல்லாம் போனது. அந்த அண்ணன் அன்றைக்கு ஒரு வார்த்தை பேசாமல் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தது இன்னும் எனக்கு மறக்கவில்லை.

ஆகவே பேக்கப் எடுத்தவுடன் டிஸ்கைக் கழற்றி பீரோவில் வையுங்கள். முக்கியமான கணக்கை இன்னொரு இடத்திலும், கூகுள் டிரைவிலோ வேறு வீட்டிலோ, ஒரு பிரதி வையுங்கள். மாதத்துக்கு ஒருமுறை அதிலிருந்து ஒரு கோப்பைத் திறந்து பாருங்கள், திறக்காத பேக்கப்பை நம்பி உட்கார்ந்திருந்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். கிராக் வேண்டாம். கடிதம், கணக்குக்கு லிப்ரே ஆபிஸ் இலவசம், படத்துக்கு ஜிம்ப், டிசைனுக்கு இங்க்ஸ்கேப் இருக்கிறது. பழக ஒரு மாதம் ஆகும், அதை மறைக்கவில்லை. தொழிலுக்கு அந்தக் குறிப்பிட்ட சாஃப்ட்வேர்தான் வேண்டும் என்றால் மாதச் சந்தாவுக்கு வாங்குங்கள், மிஷினுக்கு எண்ணெய் போடுகிற செலவு மாதிரி அதுவும் தொழில் செலவுதான்.

எல்லாக் கிராக்கும் கோப்பைப் பூட்டாது, சில சத்தமே இல்லாமல் வேலை செய்யும். பிரவுசரில் சேமித்து வைத்த பாஸ்வேர்டுகளையும், லாகின் ஆகியிருப்பதற்கு அடையாளமான குக்கீயையும் அள்ளிக்கொண்டு போய்விடும். குக்கீ கையில் இருந்தால் பாஸ்வேர்டும் வேண்டாம், ஓடிபியும் வேண்டாம், நீங்கள் திறந்து வைத்த ஜிமெயிலுக்குள் நேராக வந்து உட்கார்ந்துவிடுவான். அப்படி நடந்ததாகச் சந்தேகம் இருந்தால் வேறு ஒரு நல்ல கம்ப்யூட்டரிலிருந்து பாஸ்வேர்டை மாற்றி, எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேற்றுங்கள். அதே கம்ப்யூட்டரில் உட்கார்ந்து மாற்றினால் புதிய பாஸ்வேர்டும் அவனுக்குத்தான் போகும்.

ஏற்றுமதி செய்கிறவர்களுக்கு இதில் தனி ஆபத்து. மெயிலுக்குள் புகுந்தவன் உடனே ஒன்றும் செய்ய மாட்டான், உங்கள் சரக்கை வாங்கும் பையருடன் நடக்கும் பேச்சைப் படித்துக்கொண்டிருந்துவிட்டு, பணம் வரவேண்டிய வாரத்தில் "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது" என்று உங்கள் பெயரில் பையருக்கு எழுதுவான். மெயில் முகவரியில் ஒரே ஒரு எழுத்து வேறாக இருக்கும். கணக்கு எண் மாறினால் பழைய நம்பரில் போன் செய்து உறுதி செய்யாமல் அனுப்ப வேண்டாம் என்று பையரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், நூல் கடைக்கும் டையிங்குக்கும் நீங்கள் அனுப்பும்போதும் அதே விதி.

அப்டேட்டைத் தள்ளிப்போடுவதும் பெரிய தவறு. 2017 மே மாதம் வான்னாகிரை என்ற வைரஸ் உலகம் முழுக்கக் கம்ப்யூட்டர்களைப் பூட்டியதே, அதைத் தடுக்கும் அப்டேட்டை மைக்ரோசாப்ட் அந்த மார்ச் மாதமே கொடுத்துவிட்டது. போடாதவர்கள்தான் மாட்டினார்கள். விண்டோஸ் 10க்கு இலவசப் பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. இன்னும் அதில்தான் ஓட்டுகிறீர்கள் என்றால் அப்டேட் பக்கத்திலேயே ஒரு வருட நீட்டிப்புக்குப் பதிவு செய்யலாம், அது 2026 அக்டோபர் வரை. மெஷின் தாங்கும் என்றால் 11க்கு மாறுங்கள், தாங்காத பழைய மெஷினில் பிரவுசரும் கணக்கும் மட்டும்தான் வேலை என்றால் விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இலவச லினக்ஸ் மின்ட் நன்றாக ஓடுகிறது.

திரை முழுக்கச் சிவப்பாகி, "வைரஸ் இருக்கிறது, இந்த நம்பருக்குக் கூப்பிடுங்கள்" என்று கத்தினால் அது பிரவுசரில் திறந்த ஒரு பக்கம், அவ்வளவுதான். மூடுங்கள், மூட முடியாவிட்டால் மெஷினையே அணைத்துவிடுங்கள். அந்த நம்பருக்குக் கூப்பிட்டால், உங்கள் மெஷினை அவன் இருக்கும் இடத்திலிருந்தே இயக்கவிடும் எனிடெஸ்க் என்ற சாஃப்ட்வேரைப் போடச் சொல்வான். கூகுளில் தேடி எடுக்கும் கஸ்டமர் கேர் நம்பரும் இதே வகையாக இருக்கலாம், பேங்க் நம்பரை ஏடிஎம் கார்டின் பின்பக்கம் பாருங்கள். வீடியோ காலில் போலீஸ் உடுப்போடு வந்து "டிஜிட்டல் அரெஸ்ட்" என்பவனை உடனே கட் செய்யலாம், சட்டத்தில் அப்படி ஒன்று கிடையாது.

இ சேவை மையத்திலோ ஜெராக்ஸ் கடையிலோ ஆதார் பிரிண்ட் எடுத்தால் டவுன்லோட்ஸ் ஃபோல்டரிலிருந்தும் ரீசைக்கிள் பின்னிலிருந்தும் அழிக்கச் சொல்லிவிட்டு நகருங்கள். கடைசி நான்கு எண் மட்டும் தெரிகிற மாஸ்க்டு ஆதார் ஏற்கப்படும் இடங்களில் அதையே கொடுங்கள்.

சிவகிரிக்காரர் விஷயத்துக்கு வருகிறேன். அவர் போனை முதலில் ஏரோபிளேன் மோடில் போட்டேன், என் போனிலிருந்து பேங்குக்குக் கூப்பிட்டுக் கணக்கை நிறுத்தச் சொன்னோம், அப்புறம் 1930. இது சைபர் குற்றங்களுக்கான நாடு தழுவிய உதவி எண், சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் என்ற தளத்திலும் புகார் எழுதலாம். பணம் எந்த நேரம், எந்தப் பரிவர்த்தனை எண்ணில், எவ்வளவு போனது என்று கேட்பார்கள். பணம் போய்ச் சேர்ந்த கணக்கில் இன்னும் இருந்தால் அதை முடக்கி வைக்க முடியும், அதனால் மணிக்கணக்குதான் முக்கியம். அந்த ஆப்பை எடுத்து, படங்களை மட்டும் பத்திரப்படுத்தி, போனை ஃபேக்டரி ரீசெட் செய்தேன்.

ஆனால் அவர் வந்தது பத்திரிகையைத் தொட்ட மூன்றாம் நாள். போன் சரியில்லை என்று முதல் நாளே தெரிந்தும், "பையன் திட்டுவானுங்க, ஊருக்குள்ள தெரிஞ்சா அசிங்கமுங்க" என்று சொல்லாமல் இருந்திருக்கிறார். மூன்று தவணையில் கடைசித் தவணை இரண்டாம் நாள் ராத்திரிதான் போயிருந்தது. வெளியூரில் வேலையில் இருக்கும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்கிறேன்: அப்பா அம்மா இப்படி ஒன்றைச் சொன்னால் அந்த நிமிடம் திட்டாதீர்கள், "சரி விடுங்கப்பா, 1930க்குக் கூப்பிடலாம்" என்று சொல்லுங்கள். அவர் என் கடையில் உட்கார்ந்தே பங்காளிக்கும், தன் போனிலிருந்து பத்திரிகை போயிருந்த பதினாறு பேருக்கும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். அதில் நான்கு பேர் அதற்குள் தொட்டிருந்தார்கள்.