தொண்டு நிறுவனத்தில் கோடைப் பயிற்சி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏப்ரல் பரீட்சை முடிந்ததும் கல்லூரிப் பிள்ளைகள் தொண்டு நிறுவனங்களுக்கு இன்டர்ன்ஷிப் வரத் தொடங்கிவிடுவார்கள். நான் வேலை பார்த்த அலுவலகத்துக்கும் வருடா வருடம் ஏழெட்டுப் பேர் வந்தார்கள். நல்ல மனசுள்ள பிள்ளைகள். ஆனால் முதல் வாரமே ஒரே கேள்விதான்: "அக்கா, ஃபீல்டுக்கு எப்போ கூட்டிட்டுப் போவீங்க?"

சேவை எல்லாம் களத்தில்தான் நடக்கிறது, அலுவலகத்தில் இருப்பது வெறும் காகிதம் என்று நினைப்பதுதான் முதல் தவறு, பெரிய தவறும் அதுதான். ஒரு மாணவியிடம் எங்கள் மாலை நேர வகுப்பின் சுண்டல் பில்களைக் கொடுத்து, வவுச்சரோடு ஒத்துப்பார்க்கச் சொன்னேன். முகம் வாடிவிட்டது. மூன்றாம் நாள் அவளே வந்து, "பில்லில் 40 பேருக்குச் சுண்டல் இருக்கு, வருகைப் பதிவேட்டில் 26 பேர்தான் இருக்காங்க" என்றாள். விசாரித்தால், யாரும் எதையும் எடுக்கவில்லை. பிள்ளைகள் தம்பி தங்கைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு வகுப்புக்கு வருகிறார்கள். சுண்டல் அவர்களுக்கும் போகிறது, பெயர் மட்டும் ஏறவில்லை. அந்தத் தெருவில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இல்லை என்பது எங்களுக்கே அந்தப் பில்லில் இருந்துதான் தெரிந்தது.

இதோடு ஒட்டியது இன்னொன்று. நிர்வாகச் செலவு, அதாவது அலுவலகச் சம்பளம், வாடகை மாதிரியானவை, என்ற வார்த்தையைக் கேட்டாலே சந்தேகப்படுவது. வெளிநாட்டு நன்கொடையில் இதற்குச் சட்டமே வரம்பு வைத்திருக்கிறது. வந்த நன்கொடையில் முன்பு 50 சதவீதம் வரை, அந்தச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பிறகு 20 சதவீதம் வரை. ஆஸ்பத்திரி நடத்தும் அமைப்பில் டாக்டர் சம்பளம் இந்தக் கணக்கில் வராது, கணக்கர் சம்பளம் வரும். கணக்கர் இல்லாவிட்டால் ஆடிட் எப்படி நடக்கும்? அதனால் எத்தனை சதவீதம் என்று மட்டும் கேட்காமல், எதற்குச் செலவானது என்றும் கேளுங்கள்.

எல்லாத் தொண்டு நிறுவனமும் ஒன்று என்று எண்ண வேண்டாம். டிரஸ்டாக இருந்தால் முடிவு அறங்காவலர்கள் கையில். 1975-ஆம் வருடத் தமிழ்நாடு சட்டப்படி பதிவான சங்கமாக இருந்தால் உறுப்பினர்களின் பொதுக்குழு உண்டு. நன்கொடை மட்டும்தான் வருமானம் என்பதும் சரியில்லை. 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையில், பணம் கட்டுகிறவர்களின் கட்டணம்தான் கட்ட முடியாதவர்களின் சிகிச்சையையும் தாங்குகிறது. நீங்கள் போகும் இடத்தில் பணம் எங்கிருந்து வருகிறது என்று முதல் வாரமே கேட்டுவிடுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

அப்புறம், போட்டோ. குழந்தைகள் இல்லத்தில் பிள்ளைகளோடு செல்ஃபி எடுத்து ஸ்டேட்டஸில் போடுவது அன்பினால்தான். ஆனால் பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் அடையாளத்தை ஊடகத்தில் வெளியிடுவதை 2015-ஆம் வருட இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு தடை செய்கிறது. மீறினால் 6 மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. சட்டம் இருக்கட்டும். யாரிடமிருந்தோ தப்பி வந்த பிள்ளையின் முகம் அதே ஆளின் போனில் போய் நிற்கக்கூடும் என்பதை நினைத்துப் பாருங்கள்.

"மறுபடி வருவேன்" என்றும் அந்தப் பிள்ளைகளிடம் சொல்லிவிடாதீர்கள். நாலு வாரத்தில் நீங்கள் போய்விடுவீர்கள். அவர்கள் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வாசலைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். எந்தத் தேதியில் கிளம்புகிறீர்கள் என்பதை முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது.

கடைசியாக, அறிக்கை. ஆங்கிலத்தில் 30 பக்கம் எழுதிக் கல்லூரியில் மார்க் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். கூட நடந்து வீடு வீடாகக் காட்டிய களப்பணியாளர் அதைப் பார்ப்பதே இல்லை. சுண்டல் பில் பார்த்த அந்த மாணவி, கண்டதை இரண்டு பக்கம் தமிழில் எழுதி வகுப்பு நடத்தும் அக்காவிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பினாள். அடுத்த மாதப் பதிவேட்டில் தம்பி தங்கைகளின் பெயருக்கென்று அந்த அக்கா தனியாக ஒரு கட்டம் போட்டிருந்தார்.