பீட்சா மாவுல கடை ஸ்டைல் ட்விஸ்ட் பிரெட்ஸ்டிக்

பீட்சா பண்ண பிசைஞ்ச மாவு ஃப்ரிட்ஜ்ல மிச்சம் இருக்கா, அப்போ இன்னொரு பீட்சா போடாம இதை செஞ்சு பாருங்க. இத்தாலியில டூரின் பக்கத்து கிரிஸினிங்கற பிரெட்ஸ்டிக் மெல்லிசா நறுக்குனு உடையும், நாம செய்யப்போறது அது இல்ல. பீட்சா கடையில தர்ற மாதிரி வெளிய லேசா மொறுமொறுப்பு, உள்ள மெத்துன்னு, மேல பூண்டு வெண்ணெய் மினுமினுன்னு இருக்குமே, அது.

மாவு இல்லைன்னா புதுசா பிசைஞ்சுக்கலாம். மைதா 300 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 1 டீஸ்பூன், சர்க்கரை 1 டீஸ்பூன், உப்பு முக்கால் டீஸ்பூன், எண்ணெய் 1 டேபிள்ஸ்பூன், வெதுவெதுப்பான தண்ணி சுமார் 180 மில்லி. தண்ணியை ஒரேயடியா ஊத்தாதீங்க, ஒவ்வொரு மைதாவும் ஒவ்வொரு அளவு குடிக்கும். கையில லேசா ஒட்டுற பதத்துலயே 10 நிமிஷம் நல்லா பிசைஞ்சு, எண்ணெய் தடவி, ஈரத்துணி போட்டு மூடி வைங்க. நம்ம ஊர் வெயில்ல முக்கால் மணி நேரத்துலயே ரெண்டு மடங்கா உப்பிடும், குளிர்ல ஒண்ணரை மணி நேரம் கூட ஆகும், அதனால கடிகாரத்தை பாக்காம மாவை பாருங்க. ஃப்ரிட்ஜ் மாவுன்னா அரைமணி நேரமாவது வெளிய எடுத்து வச்சுட்டு ஆரம்பிங்க.

இப்போ 30 செமீ நீளம் 24 செமீ அகலத்துக்கு திரட்டுங்க. திரட்ட திரட்ட சுருங்குதுன்னா மல்லுக்கட்டாதீங்க, மாவுல இருக்கற க்ளூட்டன்ங்கற புரதம் இறுகிப்போயிருக்கு, 10 நிமிஷம் மூடி வச்சுட்டு வந்தா சொன்னபடி கேக்கும். பாதி மாவுல உருகின வெண்ணெய் மெல்லிசா தடவி, ஆரிகனோ, துருவின மொஸரெல்லா கொஞ்சமா தூவி, 30 செமீ நீளம் பாதியாகுற மாதிரி மறு பாதியை மேல மடிச்சு அழுத்துங்க. சீஸ் அதிகமானா ட்ரேல வழிஞ்சு கருகிடும். பீட்சா கட்டர் வச்சு 24 செமீ பக்கத்தை 2 செமீ அகலத்துல வெட்டினா 12 துண்டு வரும்.

ஒவ்வொண்ணோட ரெண்டு முனையையும் பிடிச்சு எதிர் எதிரா, கயிறு திரிக்கிற மாதிரி, மூணு நாலு தடவை திருகுங்க, கொஞ்சம் இழுத்தாப்புல திருகினா நல்லது. திருகினது பிரியாம இருக்க முனைகளை பட்டர் பேப்பர் மேல நல்லா அழுத்தி ஒட்டிடணும், இதை விட்டீங்கன்னா ஓவன்ல உப்பும்போது எல்லாம் நேரா நிமிர்ந்துக்கும். நடுவுல இடைவெளி விட்டு அடுக்கி, மூடி 20 நிமிஷம் விடுங்க. இந்த ரெண்டாவது ஓய்வை தயவுசெஞ்சு தவிர்க்காதீங்க, மெத்துன்னு வர்றதே இதனாலதான்.

ஓடிஜி ஓவனை 210 டிகிரில 15 நிமிஷம் முன்னாடியே சூடு பண்ணி, 12லேருந்து 14 நிமிஷம் வேகவைங்க. ஏர் ஃப்ரையர்னா 180 டிகிரில 8, 9 நிமிஷம் போதும்.

பூண்டை மட்டும் வேகறதுக்கு முன்னாடி மேல தடவவே தடவாதீங்க, அந்த சூட்டுல கருகி கசந்துடும். ட்ரே உள்ள இருக்கும்போதே 40 கிராம் வெண்ணெய்ல நாலு பல் பூண்டை துருவி போட்டு சின்ன தீயில ஒரு நிமிஷம், நிறம் மாறுறதுக்குள்ள அடுப்பை அணைச்சு, பொடியா நறுக்கின மல்லித்தழை, சில்லி ஃப்ளேக்ஸ் சேருங்க. உப்பு போட்ட வெண்ணெய்னா தனியா உப்பு வேண்டாம். ட்ரே வெளிய வந்த அந்த நொடியே தாராளமா தடவி, சுத்தமான துணியால மூணு நிமிஷம் மூடி வைங்க, அந்த ஆவியிலயே மேல்தோல் இளகி கடையில கிடைக்கிற பதம் வந்துடும்.

தொட்டுக்க தக்காளி, பூண்டு, ஆரிகனோ போட்டு கெட்டியா கொதிக்க வச்ச சாஸ் போதும். மறுநாள் மிச்சம் இருந்தா மைக்ரோவேவ்ல வைக்காதீங்க, ரப்பர் ஆயிடும், லேசா தண்ணி தெளிச்சு 160 டிகிரில அஞ்சு நிமிஷம் ஓவன்ல வச்சு எடுங்க.