ஓர் உறுப்பினரின் அரசியல் வாழ்வை எழுதுவது எப்படி

இலங்கையில் நாடாளுமன்ற அல்லது மாகாண சபை உறுப்பினராக இருந்த ஒருவரைப் பற்றி எழுதுவதானால், முதலில் தேர்தல்களை ஆண்டு வாரியாக எழுதிக்கொள்ளுங்கள். வெற்றிகளை மட்டும் குறித்தால் பாதிக் கதை விடுபட்டுவிடும். வடக்கிலுள்ள காங்கேசன்துறைத் தொகுதியில் 1947 இல் வென்ற தமிழ்த் தலைவர் சா. ஜே. வே. செல்வநாயகம் 1952 இல் தோற்று, 1956 இல் மீண்டும் வென்றார். 1972 இல் ஆசனத்தைத் துறந்தவர், 1975 பெப்ரவரி இடைத்தேர்தலில் அதே தொகுதியில் வென்றார். துறந்ததன் காரணம் புதிய அரசியலமைப்புக்கான எதிர்ப்பு என்பதைச் சொல்லாவிட்டால் அந்த இடைத்தேர்தலுக்குப் பொருளே இல்லை.

1989 முதல் பொதுத்தேர்தல்கள் விகிதாசார முறையில் (மாவட்ட வாரியாகக் கட்சிகள் பெறும் வாக்குக்கு ஏற்ப ஆசனம் தரும் முறை) நடப்பதால், பிற்கால உறுப்பினருக்குத் தொகுதியோடு நில்லாமல் மாவட்டத்தையும் விருப்பு வாக்கையும் (கட்சிப் பட்டியலில் அந்த வேட்பாளருக்கென இடப்பட்டவை) குறிக்க வேண்டும். வடக்கு மாகாண சபை உறுப்பினராயின், அச்சபைக்கு நடந்தது 2013 தேர்தல் ஒன்றே.

உரைகளுக்கு நாடாளுமன்ற உரைப் பதிவான ஹன்சாட்டைப் பாருங்கள். யாழ். பொது நூலகம் 1981 இல் எரிக்கப்பட்டதால், பழைய பத்திரிகைகளை ‘நூலகம்’ என்னும் எண்ணிம ஆவண இணையத் தளத்திலும் தேட நேரும். இறந்தவருக்கான அந்தியேட்டிச் சடங்கன்று கொடுக்கப்படும், கல்வெட்டு எனப்படும் நினைவு நூல் பிறந்த ஊர், படித்த பள்ளி, உறவுமுறை ஆகியவற்றுக்கு நல்ல சான்று. ஆனால் கட்சி மாறியதை அதில் தேடாதீர்கள், அது துதிபாட அச்சிட்டது.