ஊசி குத்தும் நேரத்தில் உங்கள் கை எங்கே இருக்க வேண்டும்

"சிஸ்டர், ரத்தம் எடுக்கும்போது நான் வெளியே நின்னுக்கவா?" குறைமாதக் குழந்தையைப் பெற்ற அம்மாக்கள் பெரும்பாலும் கேட்கும் கேள்வி இது. மயக்கம் வரும் போலிருந்தால் தாராளமாக வெளியே போங்கள். மற்றபடி என் பதில், கையைக் கழுவிவிட்டு உள்ளே வாங்க, உங்களுக்கு வேலை இருக்கிறது என்பதுதான்.

தமிழ்நாட்டு அரசு மருத்துவமனை ஒன்றின் பச்சிளங்குழந்தைகள் பிரிவில் நான் ஸ்டாஃப் நர்ஸ். வென்ஃப்ளான் (மருந்து ஏற்றும் மெல்லிய குழாய் ஊசி) போடுவது, குதிகாலில் குத்தி சர்க்கரை பார்ப்பது, மூக்கு வழியாகவோ வாய் வழியாகவோ பால் டியூப் விடுவது எல்லாம் எங்கள் அன்றாட வேலை. எனக்கு இருப்பது இரண்டு கை. ஒன்று குழந்தையின் காலைப் பிடிக்கும், இன்னொன்று ஊசியைப் பிடிக்கும். குழந்தையை ஆதரவாகப் பிடித்துக்கொள்ள இன்னும் இரண்டு கை தேவை. அது அம்மாவுடையதாக இருந்தால் நல்லது. அப்பாவுடையதும் சரிதான்.

முதலில் ஒரு தப்பான எண்ணத்தைத் தீர்த்துவிடலாம். "இவ்வளவூண்டு குழந்தைக்கு என்ன தெரியப் போகுது" என்று பாட்டிகள் மட்டும் சொல்லவில்லை, ஒரு காலத்தில் டாக்டர்களும் அப்படித்தான் நம்பினார்கள். 1980கள் வரை பல நாடுகளில் பச்சிளங்குழந்தைகளுக்குப் போதிய வலி மருந்து தராமலேயே ஆபரேஷன் செய்திருக்கிறார்கள். இந்தூரில் எம்.பி.பி.எஸ். படித்துவிட்டு ஆக்ஸ்போர்டு போன டாக்டர் கே.ஜே.எஸ். ஆனந்தும் அவருடன் பணியாற்றிய ஹிக்கியும் 1987இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான் அந்த நம்பிக்கை உடைந்தது. உண்மையில் குறைமாதக் குழந்தைக்கு வலி கூடுதல். வலியை மூளைக்குக் கொண்டுபோகும் நரம்புகள் முன்பே வேலை செய்யத் தொடங்கிவிடும். அதை மட்டுப்படுத்தும் ஏற்பாடு பிற்பாடுதான் முதிரும். குத்து முடிந்த பிறகும் அந்தக் காலைத் தொட்டாலே வெடுக்கென்று இழுப்பது அதனால்தான்.

பாரிஸ் வட்டாரத்து தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் 430 குழந்தைகளைக் கவனித்து 2008இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஒரு நாளைக்கு ஒரு குழந்தை சந்தித்த வலியோ தொந்தரவோ தரும் செயல்கள் சராசரியாக 16. வலி தருபவற்றில் ஐந்தில் நான்கு பங்கு எந்த வலி நிவாரணமும் இல்லாமலே நடந்திருக்கிறது. வசதியான ஊரிலேயே இந்தக் கதை.

வலிக்கிறது என்று எப்படித் தெரியும்? அழுகையை நம்பாதீர்கள். 28 வாரத்தில் பிறந்த குழந்தைக்கு அழக்கூடத் தெம்பு இருக்காது. மூச்சுக்குழாய்க்குள் டியூப் போட்டிருந்தால் வாய் திறந்திருக்கும், சத்தம் வராது. முகத்தைப் பாருங்கள்: புருவத்துக்கு நடுவே மேடு தட்டும், கண் இறுக மூடும், மூக்கிலிருந்து வாயோரம் வரைக்கும் ஒரு கோடு ஆழமாக விழும். கைவிரல்கள் ஐந்தும் விரிந்து நிற்கும். மானிட்டரில் இதயத் துடிப்பு ஏறும், சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு) இறங்கும். சில குழந்தைகள் இதற்கு நேர்மாறாக, துணி மாதிரித் தொய்ந்துபோய்விடும். "சமர்த்தா படுத்திருக்கான்" என்று அதைப் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம், எங்களைக் கூப்பிடுங்கள்.

சரி, கைக்கு வருவோம். நாங்கள் 'கட்டிப்பிடி' என்று சொல்லும் முறை இது. மோதிரம், வளையல், வாட்ச் எல்லாம் கழற்றி, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கை ஜில்லென்று இருந்தால் உரசிச் சூடாக்கிக்கொள்ளுங்கள். இன்குபேட்டருக்குள் குளிர்ந்த கை நுழைந்தாலே குழந்தை திடுக்கிடும். ஊசிக்குச் சில நிமிடம் முன்பே ஆரம்பிக்க வேண்டும். ஒரு உள்ளங்கையை உச்சந்தலையில் தொப்பி போல் கவிழ்த்து வையுங்கள். அழுத்த வேண்டாம், வைத்தால் போதும். இன்னொரு கையால் இரண்டு காலையும் மடக்கி வயிற்றுப் பக்கம் கொண்டுவந்து, பாதத்துக்கு அடியில் உள்ளங்கையைக் கொடுங்கள். குழந்தை உதைத்தால் உங்கள் கையில் முட்டட்டும். குழந்தையின் இரண்டு கையும் மார்புக்கு நடுவில், வாய்க்குப் பக்கத்தில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். விரல் தானாக வாய்க்குப் போகும். வயிற்றுக்குள் எப்படிச் சுருண்டு கிடந்ததோ, அதேபோல. குத்த வேண்டிய காலை மட்டும் நான் வெளியே எடுத்துக்கொள்வேன்.

இங்கே எல்லா அம்மாவும் கேட்கும் சந்தேகம்: தட்டிக் கொடுக்கலாமா, தடவலாமா? கூடாது. நிறைமாதக் குழந்தைக்குத் தட்டினால் தூக்கம் வரும். 30 வாரக் குழந்தைக்கு அந்தத் தட்டலே இன்னொரு தொந்தரவு. விரல் நுனியால் மெதுவாக வருடுவது இன்னும் மோசம், கூசும். அசையாத, கொஞ்சம் கனமான கைதான் அதற்குப் பிடிக்கும். ஊசியை எடுத்து பஞ்சு வைத்தவுடன் கையை எடுத்துவிடாதீர்கள். புருவம் தளர்ந்து, துடிப்பும் சாச்சுரேஷனும் பழைய எண்ணுக்கு வரும்வரை அப்படியே இருங்கள். பிறகு முதலில் ஒரு கை, கொஞ்சம் பொறுத்து அடுத்த கை. அம்மாக்களைவிட புதிதாக வரும் சிஸ்டர்களுக்குத்தான் இதை அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. நமக்கு அடுத்த வார்மரில், அதாவது சூடு தரும் அடுத்த படுக்கையில், வேலை காத்திருக்கும், கால் பறக்கும்.

குழந்தை ஓரளவு நிலையாக இருந்தால் இதைவிட நல்லது கங்காரு முறை. கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில் இன்குபேட்டர் தட்டுப்பாட்டைச் சமாளிக்க டாக்டர் எட்கர் ரே தொடங்கிய வழி இது. சூடு கொடுக்கத்தான் முதலில் வந்தது. அம்மா மார்பில் இருக்கும்போது குதிகாலில் குத்தினால் வலி குறைகிறது என்பது பிறகு ஆய்வுகளில் தெரிந்தது. செய்யும் விதம்: முன்பக்கம் திறக்கும் நைட்டி போட்டுக்கொண்டு, சாய்ந்த நாற்காலியில் உட்காருங்கள். குழந்தைக்கு டயப்பரும் குல்லாவும் மட்டும். நெஞ்சோடு நெஞ்சாக நிமிர்த்திப் படுக்கவைத்து, முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பி, தாடை மார்பில் புதையாமல் கழுத்து லேசாக நிமிர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். மேலே துணியைச் சுற்றிக் கட்டிவிடுவோம். அப்புறம் ஒரு கால் மணி முதல் அரை மணி நேரம் சும்மா இருங்கள். இது முக்கியம். குழந்தையை மார்பில் வைத்ததுமே குத்தினால் இடம் மாறிய அலுப்பும் ஊசி வலியும் ஒன்றாகச் சேர்ந்துகொள்ளும். நான் தாழ்வான ஸ்டூலில் உட்கார்ந்து, துணிக்கு வெளியே ஒரு பாதத்தை மட்டும் எடுத்துக் குத்துவேன். நீங்கள் பாதத்தைப் பார்க்க வேண்டாம், குழந்தையின் தலையைப் பாருங்கள். பால் சுரந்து நனைந்தால் கூச்சப்படாதீர்கள், நாங்கள் பார்க்காததா.

அப்பாக்களும் செய்யலாம். சட்டை பட்டனைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தால் போதும், மார்பில் முடி இருந்தாலும் ஒன்றும் ஆகாது. குளித்துவிட்டு வரவேண்டும். பீடி, சிகரெட் வாடையோடு வந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன்.

வாய்க்கு ஏதாவது கொடுப்பது பற்றி. சர்க்கரைக் கரைசலோ குளுக்கோஸோ ஊசிக்கு இரண்டு நிமிடம் முன்பு நாக்கு நுனியில் துளிக்கணக்கில் விடுவோம். வலியின் முகக்குறிகள் நன்றாகவே குறைகின்றன. ஆனால் 2010இல் லண்டனில் செய்த ஆய்வில், முகம் அமைதியானாலும் மூளையில் வலிக்குறி பெரிதாகக் குறையவில்லை என்று கண்டார்கள். அதனால் சர்க்கரையை மட்டும் நம்பி மற்றதை விட்டுவிடுவது எனக்கு ஒப்பாது. தாய்ப்பால் துளி அந்த அளவுக்கு வேலை செய்யாவிட்டாலும் கெடுதல் இல்லை, கூடவே அதன் வாசனைக்கும் பலன் உண்டு. வாயில் சப்ப எதுவும் இல்லாமல் இனிப்பு மட்டும் கொடுப்பதைவிட, சப்பவும் விட்டால் நன்றாக இருக்கும்: பாலைப் பீய்ச்சி எடுத்துவிட்டு மார்பில் சும்மா சப்பவிடலாம், அல்லது நாங்கள் கையுறை போட்ட சுண்டுவிரலைக் கொடுப்போம்.

இந்த இடத்தில் பாட்டிகளுக்கு ஒரு வார்த்தை. "நீங்களே சர்க்கரைத் தண்ணி குடுக்கறீங்க, நாங்க சேனை வெச்சா மட்டும் தப்பா?" என்று சண்டைக்கு வருகிறார்கள். நாங்கள் தருவது கிருமி நீக்கியது, அளவு போட்டு கேஸ் ஷீட்டில் எழுதுவது, ஊசி நேரத்துக்கு மட்டும். சேனையில் தேன் சேர்ப்பார்கள்; தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்து ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையின் குடலில் வளர்ந்து நரம்புகளை முடக்கிவிடும். சேனை வேண்டாம் பாட்டி. பேரனுக்குக் குல்லா தைத்துக் கொடுங்கள்.

குரலும் உதவும். இத்தாலியின் ஆவோஸ்தா நகரில், குதிகாலில் குத்தும்போது அம்மாவைப் பேசவைத்துப் பார்த்தார்கள். வலி மதிப்பெண் குறைந்தது, குழந்தையின் எச்சிலில் ஆக்சிடோசின் என்ற, பாசத்தோடு தொடர்புள்ள ஹார்மோன் கூடியது. 2021இல் வெளியான ஆய்வு இது. சன்னமான குரலில், முகத்துக்குக் கிட்டே, சாதாரணமாகப் பேசினால் போதும். என்ன பேசுவது என்று தெரியாமல் ஓர் அம்மா வீட்டு ஆட்டுக்குட்டியின் அட்டகாசத்தை எல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார். தாலாட்டும் பாடலாம். போனில் பாட்டுப் போட்டு இன்குபேட்டருக்குள் வைக்காதீர்கள். அந்தப் பெட்டிக்குள் சத்தம் எதிரொலிக்கும். பேசும்போது சாச்சுரேஷன் இறங்கினால் நிறுத்திவிட்டு, கையை மட்டும் வைத்திருங்கள். மிகச் சிறிய குழந்தைக்கு ஒரு நேரத்தில் ஒன்று போதும்.

சிஸ்டர்களுக்கு மட்டும் சில. தேவையில்லாத குத்தைத் தவிர்ப்பதைவிடப் பெரிய வலி நிவாரணம் கிடையாது. காலையில் ஒரு டெஸ்ட், மதியம் ஒரு டெஸ்ட் என்று வந்தால், சேர்த்து எடுக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். அதற்காக டயப்பர் மாற்றம், எடை, சக்‌ஷன், குத்து எல்லாவற்றையும் ஒரே மூச்சில் முடிக்காதீர்கள். மற்ற வேலைகளால் களைத்த குழந்தைக்குக் குத்து இன்னும் அதிகமாக வலிக்கும், நடுவே ஓய்வு கொடுங்கள். குதிகாலில் குத்துவது பக்கவாட்டில், ஆட்டோ லான்செட் (தானே குத்தி உள்ளிழுத்துக்கொள்ளும் ஊசி) இருந்தால் அதில். குத்தைவிட, ரத்தம் வரவில்லை என்று பிழிவதுதான் பெரிய வலி. நிறைய ரத்தம் வேண்டுமென்றால் நன்றாகக் கை பழகியவர் ரத்த நாளத்தில் எடுப்பது மேல். பிளாஸ்டரை சர்ரென்று இழுக்காதீர்கள். ஓரத்தை ஈரப்படுத்தி, தோலை இன்னொரு விரலால் பிடித்துக்கொண்டு, தாழ்வாக மடித்து மெல்ல உரியுங்கள். குறைமாதத் தோல் பிளாஸ்டரோடு சேர்ந்து வந்துவிடும்.

கண் பரிசோதனையைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெற்றோர் மிகவும் பயப்படுவது இதற்குத்தான். 34 வாரத்துக்கு முன் பிறந்த அல்லது 2 கிலோவுக்குக் குறைவான குழந்தைகளுக்கு, பிறந்து 30 நாளுக்குள் விழித்திரையைப் பார்த்தாக வேண்டும். மிகச் சிறிய குழந்தைக்கு இன்னும் சீக்கிரம். இமையைக் கம்பியால் விலக்கிவைத்துப் பார்ப்பார்கள். பார்க்கக் கொடுமையாக இருக்கும், ஆனால் பார்வையைக் காப்பாற்றுவது அது. பரிசோதனைக்குச் சற்று முன் வயிறு முட்டப் பால் வேண்டாம், வாந்தி வரும். கையை உள்ளே மடக்கி, இடுப்புக்குக் கீழே தளர்வாக, துணியில் சுற்றுங்கள். வாயில் சப்ப ஏதாவது, தலையை இருபுறமும் தாங்கும் கை. மரத்துப்போகும் சொட்டு மருந்தை டாக்டர் விடுவார். பரிசோதனைக்காக மருந்து விட்டு விரித்த கண்மணி முடிந்த பிறகும் சில மணி நேரம் அப்படியே இருக்கும், வெளிச்சம் கூசும். உச்சி வெயிலில் வளாகத்தைக் கடந்து தூக்கிப்போகும்போது முகத்துக்கு நிழல் கொடுங்கள்.

இதெல்லாம் சின்னச் சின்னக் குத்துகளுக்கு. மூச்சுக்குழாய் போடுவது, நெஞ்சில் குழாய் இறக்குவது, கண்ணுக்கு லேசர் போன்றவற்றுக்குக் கையும் மார்பும் போதாது, மருந்து வேண்டும். "வலிக்கு என்ன கொடுக்கப் போறீங்க டாக்டர்?" என்று தயங்காமல் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை.

டிஸ்சார்ஜ் ஆனபின் தடுப்பூசி. இப்போது குழந்தை உறிஞ்சிக் குடிக்கப் பழகியிருக்கும், அதனால் தாய்ப்பாலே கைகொடுக்கும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கூப்பிடுவதற்குள் பால் கொடுக்கத் தொடங்கிவிடுங்கள். நன்றாகக் கவ்விக் குடிக்கும்போதுதான் பலன். தொடையில் ஊசி போடுவதால், குடித்துக்கொண்டே போட்டுக்கொள்ளலாம். ஒன்றுக்கு மேல் ஊசி இருந்தால் அதிகம் வலிப்பதைக் கடைசியாகப் போடச் சொல்லிக் கேளுங்கள். போட்ட இடத்தைத் தேய்க்க வேண்டாம். எப்படியும் அரை மணி நேரம் அங்கேயே இருக்கச் சொல்வார்கள், அதுவரை குழந்தை மார்பிலேயே இருக்கட்டும்.