மழைத் தரவில் கோடு போடுவதற்கு முன்

பருவமழைத் தரவைப் புதிதாகக் கையில் எடுப்பவர்களிடம் அதே தவறுகளைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். மி.மீ., செ.மீ. குழப்பமெல்லாம் போகப்போகச் சரியாகிவிடும். மற்றவை அப்படியல்ல.

வசதியான ஆண்டில் தொடங்குவது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான். தமிழ்நாட்டுக்கு வடகிழக்குப் பருவமழை இயல்பாக 44 செ.மீ. அளவில் கிடைக்கும். 2005இல் கொட்டித் தீர்த்தது. 2016இல் 17 செ.மீ.தான் தேறியது, அதாவது 62 சதவீதப் பற்றாக்குறை. இவ்விரு ஆண்டுகளையும் இருமுனையாக வைத்துக் கோடு போட்டால் அது சரியத்தான் செய்யும். அதே 2016இல் தொடங்கி, 71 செ.மீ. பெய்த 2021இல் முடித்துப் பாருங்கள், கோடு விறுவிறுவென ஏறும். இரண்டையும் போக்கு என்று சொல்ல முடியாது. ஆண்டுக்காண்டு இவ்வளவு ஏறி இறங்கும் மழையில், பத்துப் பன்னிரண்டு வருடத் தரவு எதற்கும் காணாது.

ஓர் ஏரிப் பாசனக் கூட்டத்தில் அந்தச் சரிவுக் கோட்டைத்தான் காட்டினார்கள். "மழையே குறையுது, கலிங்கை அகலப்படுத்தி என்ன ஆகப்போகுது?" என்று, ஏரியின் உபரி நீரை வெளியேற்றும் அந்தக் கலிங்கின் வேலையைத் தள்ளிப்போட்டார்கள். 2021 நவம்பரில் தண்ணீர் கலிங்கில் அடங்காமல் கரையை உடைத்துக்கொண்டு போனது. நட்டு ஒரு மாதம்கூட ஆகாத வயலில் முழங்கால் உயரத்துக்கு மணல். அதை அள்ளிய செலவு விவசாயிகள் தலையில்தான் விழுந்தது.

1901 முதலே மாத மழைத் தரவு கிடைக்கிறது, எடுத்துப் பயன்படுத்துங்கள். தொடக்க ஆண்டை ஐந்து வருடம் முன்னும் பின்னும் நகர்த்திப் பாருங்கள். சரிவு ஏற்றமாக மாறினால் அந்தக் கோட்டை யாரிடமும் காட்டாதீர்கள். நூறாண்டுத் தொடரிலும் பல பத்தாண்டுகள் நீளும் ஈரக் காலங்களும் வறண்ட காலங்களும் மாறிமாறி வரும், அதையும் மனதில் வையுங்கள்.

மொத்தத்தை மட்டும் பார்ப்பது

2023 வடகிழக்குப் பருவமழை, மாநில அளவில் 'இயல்பு' என்றே பதிவானது. அதே பருவத்தில், டிசம்பர் 18 காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில், காயல்பட்டினத்தில் 95 செ.மீ. பெய்தது. அந்தப் பகுதிக்கு ஓராண்டு முழுக்கக் கிடைக்கும் மழையே அவ்வளவு வராது. மழை நாட்களையும் கனமழை நாட்களையும் தனித்தனியாக எண்ணாமல், மழையில் மாற்றமில்லை என்று எழுதிவிடாதீர்கள்.

காலிக் கட்டத்தில் சுழியம் போடுவது

அளக்காத நாள் வேறு, பெய்யாத நாள் வேறு.

எல் நினோ என்றாலே வறட்சி என்பது

எல் நினோ (பசிபிக் கடலின் நடுவிலும் கிழக்கிலும் மேற்பரப்பு நீர் வழக்கத்தைவிடச் சூடாவது) நிலவிய 2015இல் நாட்டின் தென்மேற்குப் பருவமழை 14 சதவீதம் குறைந்தது. அதே ஆண்டு வடகிழக்குப் பருவமழையில் சென்னை மூழ்கியது.