புதுச் சுழியோடிக்கு முதலில் ஈயக்கணக்கு

சுழியோடும் பயிற்சி முடித்து அதற்கான கார்ட் வாங்கிய புதிதில் தண்ணீருக்கடியில் வரும் படபடப்புக்குப் பெரும்பாலும் காரணம், மூழ்குவதற்காக இடுப்பில் அதிகமாகக் கட்டிய ஈயம்தான். 3 கிலோ கூடினால் அதைச் சமாளிக்க மிதப்பைக் கூட்டிக் குறைக்கும் காற்று ஜாக்கெட்டில் 3 லீற்றர் காற்றுக் கூடுதலாக அடிக்க வேண்டும். 5 மீற்றரில் அடித்த அந்த 3 லீற்றர் மேற்பரப்பில் நாலரை லீற்றராகிவிடும். கொஞ்சம் மேலெழும்பினாலே ஆள் தானாகக் கிளம்புவார். பயந்து காற்றைத் திறந்துவிட்டால் கல்லுப்போல் கீழே போவார். இப்படி நாலு தரம் ஏறி இறங்கினால் மூச்சு இரைக்கும், சிலிண்டரும் சீக்கிரம் காலியாகும்.

எடை பார்க்கும் முறை இது. கால் எட்டாத இடத்தில், முழு உடுப்போடு, ரெகுலேற்றரை (சிலிண்டர் காற்றை மூச்சுக்குத் தரும் கருவி) வாயில் வைத்து நிமிர்ந்து நில்லுங்கள். துடுப்பை அசைக்க வேண்டாம். சாதாரணமாக ஒரு மூச்சு இழுத்துப் பிடித்தபடி ஜாக்கெட்டின் காற்றை முழுதாக விடுங்கள். தண்ணீர் கண் மட்டத்தில் நிற்க வேண்டும். மூச்சை விட்டதும் மெல்லத் தாழ வேண்டும். பிடித்திருக்கும்போதே தலை மூழ்கினால் ஒரு கிலோ கழற்றிவிட்டு மறுபடி பாருங்கள். (மூச்சைப் பிடிப்பது மேற்பரப்பில், இந்தச் சோதனைக்கு மட்டும். கீழே ஒருபோதும் கூடாது.) சிலிண்டரில் 50 பார் (காற்றின் அமுக்க அளவு) மிச்சமிருக்கையில் பார்ப்பதே சரி. நிறைந்த சிலிண்டரோடு பார்த்தால் 2 கிலோ சேர்த்துக் கட்டுங்கள். 11 லீற்றர் சிலிண்டரில் 150 பார் செலவானால் அவ்வளவு பாரம் குறையும். நீச்சல் தடாகத்தில் பார்த்த எடை உப்புத்தண்ணிக்குப் போதாது, 2 முதல் 3 கிலோ கூடும்.

அடுத்தது மாஸ்க். காரைநகர் கசூரினாக் கடற்கரையில் நெஞ்சளவு தண்ணீருக்குக் கனதூரம் நடக்க வேண்டும். இந்தப் பயிற்சிக்கு அதுதான் வசதி. துணைக்கு ஒருவரை வைத்துக்கொண்டு, மாஸ்க் இல்லாமல் முகத்தை அமிழ்த்தி ஸ்நோர்க்கலால் இரண்டு நிமிடம் மூச்சுவிடுங்கள். மூக்கில் தண்ணீர் பட்டாலும் வாயால் மூச்சு ஓடும் என்று உடம்புக்குப் பழகட்டும். பிறகு மாஸ்க்கில் பாதி தண்ணீர் விட்டு வெளியேற்றுங்கள்: மேல் விளிம்பை அழுத்தி, முதலில் மூக்கால் ஊதத் தொடங்கி, அதன் பின்னரே முகத்தை உயர்த்த வேண்டும். முகத்தை முதலில் உயர்த்தினால் தண்ணீர் நேரே மூக்குக்குள் போகும். பலருக்குப் பிழை வருவது இந்த இடத்தில்தான். மீசை அடர்த்தியானவர்களுக்கு மாஸ்க் ஒழுகிக்கொண்டே இருக்கும். மூக்கடியில் ஒரு கோடு மழித்தால் தீரும். மனம் வராதவர்கள் தண்ணீரோடு வாழப் பழகலாம்.

காதை வலிக்க முன்னரே, முதல் 10 மீற்றரில் மீற்றருக்கு ஒரு தரமாவது, மூக்கைப் பொத்தி மெல்ல ஊதிச் சமப்படுத்துங்கள். தடிமன் என்றால் அன்று இறங்க வேண்டாம்.

காற்றுக் கணக்கைக் கொப்பியில் எழுதுங்கள். 30 நிமிடத்தில், சராசரி 8 மீற்றரில், 110 பார் செலவாயிற்று என்று வைப்போம். 110 × 11 = 1210 லீற்றர். 8 மீற்றரில் அமுக்கம் 1.8 பார், 30 × 1.8 = 54. 1210ஐ 54ஆல் வகுத்தால் நிமிடத்துக்கு 22 லீற்றர் சொச்சம். ஈயம் சரியானால் இந்த எண் தானாக இறங்குவதைப் பார்ப்பீர்கள்.

வாடைக் காலத்தில் வடக்குக் கடல் கலங்கிக் கிடக்கும். முதல் ஐந்தாறு தரமும் மே முதல் செப்டெம்பருக்குள் திருகோணமலைப் பக்கம் போய், 10 மீற்றருக்கு மேல் ஆழம் போகாமல் இறங்குங்கள். கார்ட் 18 மீற்றர் வரை அனுமதிக்கிறது என்பதற்காக அன்றே அங்கே போகத் தேவையில்லை. 1942இல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கிய ஹேர்மிஸ் கப்பல் 50 மீற்றருக்கும் கீழே கிடக்கிறது. யார் கூப்பிட்டாலும் புதியவர் போகும் இடமல்ல. கடலட்டைக்கு இறங்குபவர்கள் ஒரே நாளில் பல சிலிண்டர் முடிப்பதைப் பார்த்தும் ஆசைப்பட வேண்டாம்.

ஏறும்போது நிமிடத்துக்கு 9 மீற்றருக்கு மேல் போகாமல், 5 மீற்றரில் 3 நிமிடம் நில்லுங்கள். பலாலியில் சென்னை விமானம் ஏறுபவர்கள் கடைசியாக இறங்கியதிலிருந்து 18 மணித்தியாலம் விட வேண்டும். ஒரே ஒரு தரம்தான் இறங்கினீர்கள் என்றால் 12.